சந்தோஷமாக இருந்தால் மட்டும் போதுமா?

பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் தெரிந்த வாக்கியம் ஒன்று உண்டு. மதிப்பெண், மேற்படிப்பு, செல்போன் பழக்கம் என்று எதில் பேச்சு தொடங்கினாலும், எழுந்து போகும்போது தாயோ தகப்பனோ, "எப்படியோ சார், எம்புள்ள சந்தோஷமா இருந்தாப் போதும்" என்பார்கள். திருமங்கலத்தை அடுத்த ஒரு பள்ளியில் நெடுங்காலமாக மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்திவரும் எனக்கு, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அன்பில் சிறிதும் ஐயமில்லை. தாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் காதில் அது வேறு விதமாக விழுகிறது. வாழ்வதே சந்தோஷமாக இருப்பதற்குத்தான், அது இல்லையென்றால் வாழ்வதில் அர்த்தமில்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பதினேழு வயதில் இப்படி முடிவுகட்டிவிட்ட ஒரு பிள்ளைக்குத் தேர்வில் ஒரு சறுக்கலோ, நெருங்கிய நட்பில் ஒரு முறிவோ நேரும்போது, வந்த துன்பத்தோடு கூடவே வாழ்வதற்கான காரணமும் கையை விட்டுப் போனதாகத் தோன்றிவிடுகிறது. ஒரு துயரத்தை இரண்டாகச் சுமக்க வேண்டிய நிலைக்கு அந்தப் பிள்ளையைத் தள்ளியவர்கள் நாம்தான்.

அதனால்தான் மகிழ்ச்சி மனித வாழ்வுக்கு அர்த்தம் தருகிறதா என்ற கேள்வியை என்னால் ஏட்டுக் கேள்வியாக ஒதுக்க முடியவில்லை. தருவதில்லை என்பதே என் முடிவு. நாம் யாருக்கு, எதற்குக் கடமைப்பட்டவர்களாக நம்மை ஏற்றுக்கொள்கிறோமோ அங்கிருந்துதான் வாழ்வுக்கு அர்த்தம் வருகிறது; மகிழ்ச்சி அதன் பின்னால் வரலாம், சில காலம் வராமலும் இருக்கலாம்.

மகிழ்ச்சியை அளக்க முடியும் என்பதால் அதுவே வாழ்வின் அளவுகோல் என்று எண்ணிவிடும் பழக்கமும் நம்மிடம் வளர்ந்துவருகிறது. உலக மகிழ்ச்சி அறிக்கை 2012 முதல் வெளிவருகிறது. 2018 முதல் பின்லாந்து ஆண்டுதோறும் முதலிடம் பிடிப்பதையும், இந்தியா நூறு இடங்களுக்குக் கீழே நிற்பதையும் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அந்தப் பட்டியலுக்கு அடிப்படை ஒரே ஒரு கேள்விதான். 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணி ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டு, உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை என்றால், இன்று நீங்கள் நிற்பது எந்தப் படியில் என்று மக்களிடம் கேட்கிறார்கள். ஓர் அரசு தன் மக்களை எப்படி வைத்திருக்கிறது என்று அறிய இது பயன்படும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் எதற்காக ஏணியில் ஏறுகிறார் என்பதை இந்தக் கேள்வி கேட்பதே இல்லை.

இரண்டும் வேறு வேறு என்பதை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். 2013இல் ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் ஏறத்தாழ 400 அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், மகிழ்ச்சியும் அர்த்தமும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்பட்டாலும் சில இடங்களில் தெளிவாகப் பிரிவது தெரியவந்தது. உடல்நலமும், கையில் தேவைக்குப் பணம் இருப்பதும் மகிழ்ச்சியோடு சேர்ந்திருந்தன. அர்த்தத்தோடு அவற்றுக்குப் பெரிய தொடர்பு இல்லை. கவலையும் மன அழுத்தமும் மிகுந்தவர்கள் மகிழ்ச்சி குறைந்தவர்களாக இருந்தார்கள், ஆனால் தங்கள் வாழ்வுக்கு அர்த்தம் இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஊரில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தாய்க்கும் இதைக் கேட்டு வியப்பு வராது.

அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1974இல், ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்க மெய்யியலாளர் ஒரு கற்பனையை முன்வைத்தார். நீங்கள் விரும்பும் எந்த அனுபவத்தையும் மூளைக்குள் அப்படியே உண்டாக்கித் தரும் எந்திரம் ஒன்று இருக்கிறது. அதில் படுத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் இன்பம்தான், எந்திரத்தில் கிடக்கிறோம் என்ற நினைவுகூட இருக்காது. படுப்பீர்களா? மகிழ்ச்சிதான் எல்லாம் என்றால் தயங்குவதற்கு இடமே இல்லை. வகுப்பில் இதைக் கேட்டபோது முதலில் நிறையக் கைகள் உயர்ந்தன. "உள்ளே நீ உன் தங்கச்சியைப் பாத்துக்கிட்டு இருக்கிறதா நினைப்ப, வெளியில நிசமான தங்கச்சி தனியா நிப்பா" என்று சொன்னதும் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு மாணவன் மட்டும் கையைத் தாழ்த்தாமல், "எனக்குத்தான் தெரியாதே சார்" என்றான். தெரியாது என்பதாலேயே சரியாகிவிடாது என்று அவனோடு அந்தப் பாடவேளை முழுவதும் வாதிட்டேன். அவன் விட்டுக்கொடுக்கவில்லை, அந்த வகுப்பில் மிகக் கவனமாக யோசித்தவன் அவனே என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த எந்திரத்துக்கான பதில் பாண்டிய நாட்டிலிருந்து எப்போதோ வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய புறநானூற்று 182ஆம் பாட்டு, இந்த உலகம் நிலைத்திருப்பது எத்தகைய மனிதர்களால் என்று சொல்ல வருகிறது. இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும், இனியது என்று தனியே உண்ணாதவர்கள் அவர்கள் என்பதுதான் அவர் தரும் முதல் அடையாளம். இன்பத்தின் எல்லை என்று கருதப்பட்ட ஒரு பொருளை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அதைத் தனியே உண்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் இந்தப் பார்வை, இன்பத்தை இகழவில்லை. அமிழ்தம் இனியது என்பதை ஒப்புக்கொள்கிறது. அதற்கு மேலே ஒன்றை வைக்கிறது.

மதுரைக்காரர்கள் கண்ணெதிரே பார்த்த ஒரு வாழ்க்கையைச் சொன்னால் என் எண்ணம் இன்னும் தெளிவாகும். டாக்டர் வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்ற கரிசல் காட்டு ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பேறுகால மருத்துவராக வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். மருத்துவம் முடித்து ராணுவத்தில் பணியாற்றியவரை இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் தாக்கியது. நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார், கைவிரல்கள் நிரந்தரமாகத் திருகிக்கொண்டன. பேறுகால மருத்துவம் இனி முடியாது என்றானபின் கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைக் கொண்டு கண்புரை அறுவை செய்யத் தம்மைப் பழக்கிக்கொண்டார். அந்த விரல்களால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அவர் அறுவை செய்திருக்கிறார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976இல், உடன்பிறந்தவர்களையும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளோடு மதுரையில் அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்ட முடிந்தவர் தரும் கட்டணத்தில், கட்ட முடியாதவருக்கும் பார்வை கிடைக்கும்படி அதை அமைத்தார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் "கண் கேம்ப்" என்றால் விளக்கம் கேட்பார் இல்லை.

அவர் மகிழ்ச்சியாக இருந்தாரா? அவரை அறிந்த பலர் அவரிடம் ஆழ்ந்த அமைதியைக் கண்டதாகச் சொல்வார்கள். ஆனால் கேள்வியை மாற்றிப் பார்க்கிறேன். ஒருவேளை அந்த அமைதி அவருக்கு வாய்க்காமலே போயிருந்தால், ஒவ்வொரு நாளும் விரல் வலியோடும் சலிப்போடும் அவர் அறுவைக் கூடத்துக்குள் போயிருந்தால், அந்த ஒரு லட்சம் கண்களுக்குப் பின்னால் இருந்த வாழ்வு அர்த்தமற்றது என்று நம்மில் யாராவது சொல்வோமா? இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவருடைய வாழ்வுக்கு அர்த்தம் தந்தது வலியும் அன்று. வலியைப் புகழ்வது நம் ஊரில் எளிதாக நடந்துவிடுகிறது. விரல் திருகாமல் இருந்திருந்தாலும் மேசைமேல் படுத்திருந்த கிழவிக்குப் பார்வை தேவைப்பட்டிருக்கும், அவரும் அதே வேலையைச் செய்திருப்பார்.

பெரிய மனிதர்களுக்கு இது பொருந்தும், சாதாரண வாழ்வுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் குறித்து வைத்த புள்ளியை நகத்தால் கிள்ளி உயர்த்தி, அதன் கழுத்தில் நூலை இறுகச் சுற்றி, அறுக்காமலேயே அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயத்தில் முக்கிக் காயவைத்து, துணியின் இரு பக்கமும் பிடித்து இழுக்கும்போதுதான் முடிச்சுகள் அவிழ்ந்து, சாயம் ஏறாத இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாகப் பூக்கும். நான் பேசிய பாட்டி முடிச்சு மட்டும் போடுபவர். துணி அவர் வீட்டிலிருந்து முடிச்சோடு போய்விடும், சாயம் ஏறி விரிந்த சேலையை அவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கிடைக்கும் கூலி குறைவு. மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் விரைவாகச் செய்யும் துணி கடைகளை நிறைத்துவிட்டதால், 2005இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகும் கைமுடிச்சு குறைந்துகொண்டே வருகிறது. "இதில் உங்களுக்குச் சந்தோஷமா பாட்டி?" என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. "முடிச்சு நழுவுனா சாயம் உள்ள போயிரும்யா. புள்ளி கலங்கிப் போகும்" என்றார்.

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அப்போது நினைத்தேன். யோசிக்க யோசிக்க, அதைவிட நேரான பதில் இருக்க முடியாது என்று படுகிறது. அவருடைய கவனம் முழுவதும் அந்தப் புள்ளியிடம் இருந்தது. தம் மனநிலையை எட்டிப் பார்க்க அவருக்கு அப்போது நேரமில்லை, அதற்கான தேவையும் இல்லை. இப்படிச் சொல்லும்போது, "அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு இருக்குமே, அதுதானே மகிழ்ச்சி" என்று மறுப்பு வரும். இருக்கலாம். ஆனால் புள்ளி கலங்காமல் வருவது முக்கியம் என்று அவர் கருதுவதால்தான் அந்த நிறைவு வருகிறது; நிறைவு வருவதால் புள்ளி முக்கியமாகவில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மறுபடியும் அந்த எந்திரத்தில்தான் போய்ப் படுக்க வேண்டும்.

அதே வேளையில், கைமுடிச்சுக்கு நியாயமான கூலி கிடைக்காததை "மன நிறைவு" என்ற சொல்லால் மூடுவதை நான் ஏற்கவில்லை. மகிழ்ச்சியைக் கீழே இறக்கிப் பேசுபவர்கள் எல்லோரும் கடந்தாக வேண்டிய இடம் இது. தியாகம்தான் உன் வாழ்வின் அர்த்தம் என்று பெண்களிடம் சொல்லிச் சொல்லியே அவர்களுடைய படிப்பையும் ஓய்வையும் விருப்பத்தையும் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண், "குடும்பத்துக்காக" என்ற ஒரு சொல்லில் பள்ளியை விட்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவளிடம் கடமை இருந்தது. அதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை, அவள்மேல் ஏற்றினார்கள். பிறர் நமக்காகத் தீர்மானித்துச் சுமத்தும் பொறுப்பிலிருந்து அர்த்தம் பிறப்பதில்லை. அந்தப் பெண் "எனக்குச் சந்தோஷமில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது ஒரு நேர்மையான புகார், அதைக் கேட்டே ஆக வேண்டும். மகிழ்ச்சியின்மை பல நேரம் அநீதியை முதலில் அறிவிக்கும் குரலாக இருக்கிறது. அர்த்தத்தைக் காட்டி அந்தக் குரலை அடக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மாணவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? மனம் சோர்ந்துபோன பிள்ளையிடம் கடமையைப் பற்றிப் பாடம் எடுப்பது கொடுமை. முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும், தேவையானால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். சோர்வு நோயாகும் இடமும் உண்டு, அதற்கு மருந்தும் உண்டு. ஆனால் மனம் நன்றாக இருக்கும் காலத்திலேயே, பிள்ளைகளின் கையில் உண்மையான பொறுப்பு ஏதாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவதோ, அப்பத்தாவைக் கண் கேம்புக்குக் கூட்டிப் போய் வருவதோ எதுவாகவும் இருக்கலாம். அவன் செய்யாவிட்டால் அது நடக்காது என்ற நிலை இருக்க வேண்டும். படிப்புக் கெடும் என்று எல்லா வேலையையும் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிட்டு, சந்தோஷத்தை மட்டும் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம்.

என் வாதத்தில் கடினமான இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஏற்றுக்கொண்ட பொறுப்பில்தான் அர்த்தம் என்றால், எந்தப் பொறுப்பையும் ஏற்க முடியாதவர்களின் வாழ்வு என்ன ஆகும்? நினைவு தப்பிய முதியவர், பிறந்தது முதல் படுக்கையிலேயே இருக்கும் குழந்தை. மகிழ்ச்சியை அளவுகோலாக வைப்பவர் இவர்களின் வாழ்வைக் கணக்குப் போட்டால் மிகச் சிறிய எண்தான் வரும். பயனை அளவுகோலாக வைப்பவருக்கு அதுவும் வராது. எங்கள் தெருவில் மகனை அடையாளம் தெரியாத தாய் ஒருவருக்கு, அந்த மகன் தினமும் வேலைக்குப் போகுமுன் தலைவாரி விடுகிறார். அந்த அம்மாளால் திருப்பிச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆனாலும் அவர் இருப்பதால்தான் அந்த வீட்டின் காலை நேரம் அப்படி அமைந்திருக்கிறது. ஒரு மனிதர் பிறருடைய கடமைக்கு உரியவராக இருப்பதும் அர்த்தத்தின் மறுபாதி என்றே நான் கருதுகிறேன். யாருமே இல்லாதவருக்கு அந்தக் கடமை யாருடையது என்று நீங்கள் கேட்டால், ஊருடையது என்பேன்.