பாதியை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வையுங்கள்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம். எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது பாங்காக்கில் இருக்கும் நண்பனின் குரல்பதிவு. இருபத்தெட்டு மாடி படியிறங்கி ஓடிவந்த மூச்சிரைப்பு அதில் கேட்டது. நிலம் பிளந்தது அவன் ஊரில் இல்லை, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மியான்மரில், மாண்டலே பக்கத்தில். நிலநடுக்கத்தின் அளவு 7.7. பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறவர்கள்கூட அன்று சாயங்காலம் "நாம ஏதாவது செய்யணும்டா" என்று எழுதினார்கள். இரவு ஒன்பதுக்குள் ஒரு ஜிபே எண், ஒரு எக்செல் தாள், மூன்று வாக்குவாதம்.

கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் சேருகிற பணத்தில் பாதியை இப்போது தொடாதீர்கள் என்று எழுதினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "செத்துக்கிட்டு இருக்கவன்கிட்ட அடுத்த வருஷம் வான்னு சொல்லுவியா?" என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். குழுவில் நீட்டி எழுத முடியாது என்பதால் இங்கே.

2015 ஏப்ரல் 25, நேபாளம். அளவு 7.8. கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். எங்களுக்கு இரண்டு வருடம் இளையவன் ஒருவன், நேபாளத்திலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் படித்தவன், விடுதி மெஸ்ஸில் தமிழ் கற்றவன். ஊர் சிந்துபால்சோக். நடுக்கத்தின் மையம் கோர்க்கா மாவட்டம் என்றாலும் அதிகம் பேர் இறந்தது இவன் மாவட்டத்தில்தான். அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் நாங்கள் இரண்டு லட்சம் சேர்த்துவிட்டோம். பத்து நாளில் ஆறு லட்சத்துச் சொச்சம்.

சேர்ப்பது எளிது. அப்புறம்தான் கூத்து. கரூரில் தறி வைத்திருக்கும் நண்பன் ஒருவன் 500 போர்வை சும்மாவே தருகிறேன் என்றான். மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. லாரி பிடித்தோம். கரூரிலிருந்து பீகாரின் ரக்ஸௌல் வரை, அங்கிருந்து எல்லை தாண்டி பீர்கஞ்ச், பிறகு மலை. நிவாரணப் பொருள்கள் சுங்கத்தில் தேங்குகின்றன என்று ஐ.நா.வே முறையிட்டுக் கொண்டிருந்த நேரம் அது. லாரி வாடகையும் காத்திருந்த நாள்களின் செலவும் சேர்ந்து போர்வைகளின் விலையைத் தாண்டிவிட்டது. போய்ச் சேர்ந்த செய்தி சொன்ன அந்த நேபாளத் தம்பி, மனம் நோகாதபடி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணா, போர்வையை நனையாம வைக்க மேல தகரம் வேணும்ல?"

ஜூனில் மழை வந்துவிடும். ஊரே கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது 'ஜஸ்தா பாதா', நம்மூர் தகர ஷீட். அது காத்மாண்டுவிலேயே கிடைக்கும், பணம் இருந்தால். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலை மலையாகக் குவிந்து மழையில் மக்கியதைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்கள்தான் நாங்களும். பார்த்தும் புத்தி வரவில்லை.

சரி, பணமாகவே அனுப்புவோம் என்றால் அப்போது வங்கி வழியாக நேபாளத்துக்கு ஒரு தடவைக்கு 50,000 ரூபாய்தான் போகும். நண்பர்கள் ஆளுக்கொரு தடவையாகத் தவணை தவணையாக அனுப்பினோம். தகரமும் அரிசியும் வாங்கியதில் பெரும்பகுதி தீர்ந்தது. ஒன்றேகால் லட்சம் எங்கள் பொருளாளர் கணக்கில் மிஞ்சியது. திட்டமிட்டு மிச்சம் வைக்கவில்லை. ஆளாளுக்கு வேலை வந்தது, மறந்துபோனோம், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து ஒருவர் கணக்குக் கேட்டார். கேட்ட தொனி சரியில்லை, பொருளாளர் குழுவை விட்டே வெளியேறினார். இன்றுவரை திரும்பவில்லை. கணக்கில் ஒரு பைசா குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையே செப்டம்பரில் இந்திய-நேபாள எல்லை அடைபட்டது. டீசல் இல்லை, மருந்து இல்லை, அடுத்த பிப்ரவரி வரை அப்படியே போனது. வீடு கட்ட உதவ வேண்டிய மறுகட்டமைப்பு ஆணையமே டிசம்பரில்தான் உருவானது. குளிர்காலம் தகரத்துக்கு அடியில் கழிந்தது. உலகத்தின் கேமராக்கள் எப்போதோ போய்விட்டிருந்தன.

2017 தொடக்கத்தில் தம்பி கூப்பிட்டான். இடிந்த வீட்டுக்கு அரசு தருவது மூன்று லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையில். முதலில் 50,000. அதில் அஸ்திவாரம் போட்டு, நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிப்படி இருக்கிறது என்று பொறியாளர் பார்த்துச் சொன்னால்தான் அடுத்த 1,50,000. ஆனால் அந்த மலையில் சிமெண்டும் மணலும் ஏறிப் போகும் கூலிக்கே 50,000 கரைந்துவிடுகிறது. அஸ்திவாரம் பாதியில் நிற்கிறது, அடுத்த தவணை வராது, வட்டிக்காரர் வாசலில். "உங்ககிட்ட ஏதாவது இருக்கா அண்ணா?"

இருந்தது. மறந்துபோன ஒன்றேகால் லட்சம். அவர்கள் காசில் இரண்டு லட்சம். ஒன்பது குடும்பங்களுக்கு ஆளுக்கு 22,000. ஒன்பது அஸ்திவாரமும் முடிந்து ஒன்பது பேருக்கும் அடுத்த தவணை வந்தது, மொத்தம் பதின்மூன்றரை லட்சம். போர்வை லாரிக்கு நாங்கள் அழுததை நினைத்துப் பாருங்கள்.

நண்பனின் கேள்விக்கு வருகிறேன். இடிபாட்டில் சிக்கியவரை முதல் மூன்று நாளில் வெளியே இழுப்பது பக்கத்து வீட்டுக்காரரும் மீட்புப் படையும்தான். நம் ஜிபே அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தக் கட்டம் முடிந்துவிடும். நாம் கொடுக்கிறபோது எல்லோரும் கொடுக்கிறார்கள். யாரும் கொடுக்காத மாதங்கள் பின்னால் வருகின்றன.

மிச்சம் வைத்தால் சந்தேகமும் கூடவே வரும். எங்கள் பொருளாளருக்கு நடந்ததை மறக்கவில்லை. அதனால் இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு, மாதம் முதல் தேதி இருப்பைக் குழுவில் போடுவது. அமெரிக்கக் கடவுச்சீட்டு வாங்கிவிட்ட நண்பர்களே, உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, எங்கள் கணக்கில் போடாதீர்கள், அங்கேயே பதிவுபெற்ற அமைப்புக்குக் கொடுங்கள். துபாயில் இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர்கள் தப்பிக்க முடியாது.

மியான்மருக்கு அனுப்புவது தனித் தலைவலி. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதிலிருந்து உள்நாட்டுச் சண்டை. எங்கள் வகுப்பில் பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பிய குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் பெரியப்பா பிள்ளைகள் இன்னும் யாங்கோனில். யாரிடம் கொடுத்தால் போய்ச் சேரும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

நேற்றிரவு இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் போட்டேன். நான்கு கட்டைவிரல். ஒருவர் மட்டும், "ஒரு வருஷம் வச்சிருந்தா பேங்க் வட்டி வருமே, அது யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அதுவும் அவர்களுக்குத்தான் சார்.