காசு கொடுத்து வாங்கிய ஆப் யாருடையது?

ஒரு ஆப்பை இனிமேல் விற்பதில்லை என்று முடிவெடுக்க, அதை உருவாக்கியவருக்கும், அதை விற்கும் ஆன்லைன் ஆப் கடைக்கும் முழு உரிமை உண்டு. அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஏற்கெனவே விற்றதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும் உரிமையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அம்மாவின் பாட்டுப் பயிற்சிக்கு ஒரு சுருதிப் பெட்டி ஆப் வாங்கிக் கொடுத்திருந்தேன். இலவச ஆப்களில் பாடிக்கொண்டிருக்கும்போதே விளம்பரம் குறுக்கிடும் என்பதால் காசு கொடுத்தே வாங்கினேன். ஐந்தரைக் கட்டையில் வைத்து, தம்புராவின் வேகத்தைத் தன் பாட்டுக்கு ஏற்றபடி குறைத்து, தினமும் காலையில் அதோடுதான் உட்காருவார். போன் பழுதாகிப் புதிது வாங்கியதும் தேடினால் ஆப்பைக் காணோம். வாங்கியவற்றின் பட்டியலில் பெயர், தேதி, கட்டிய தொகை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தொட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று வருகிறது. டெவலப்பருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. கடையைக் கேட்டால், டெவலப்பரைக் கேளுங்கள் என்கிறார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் பணம் வாங்கும்போது கமிஷன் பிடித்த கடை, பொருள் காணாமல் போனதும் ஒதுங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

மிக்ஸி கம்பெனியை மூடிவிட்டால் புது மிக்ஸி கிடைக்காது, சரி. நம் வீட்டு மிக்ஸியை யாரும் வந்து தூக்கிக்கொண்டு போவதில்லையே!

தொழில்நுட்பக் காரணங்கள் எனக்கும் புரிகின்றன. 2017-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது, 32-பிட் என்ற பழைய முறையில் எழுதிய ஆப்கள் மொத்தமாக ஓடாமல் போயின. 2022-ல், நெடுநாளாக அப்டேட் செய்யாத ஆப்களை 30 நாளில் புதுப்பிக்காவிட்டால் நீக்கிவிடுவோம் என்று ஆப்பிள் டெவலப்பர்களுக்கு எழுதியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அது 90 நாளானது. ஏற்கெனவே போனில் இறக்கியவர்களுக்கு ஆப் தொடர்ந்து வேலை செய்யும் என்றும் சொன்னார்கள். அந்தப் போன் எத்தனை வருடம் உழைக்கும்? தவிர, சுருதிப் பெட்டி மாதிரியான ஆப்புக்கு இன்டர்நெட்டும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒன்றுக்கு, எதற்காக ஓயாமல் அப்டேட் போட வேண்டும்?

மனம் இருந்தால் கௌரவமாக மூடவும் முடியும். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. புத்தகங்கள் எல்லாருடைய கருவியிலிருந்தும் மறைந்தன, அது கொடுமைதான். ஆனால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். வீடியோ கேம் நிறுவனமான யுபிசாஃப்ட் இதற்கு நேர் எதிர். ‘தி க்ரூ’ என்ற விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் நிறுத்தி, வாங்கியவர்களின் லைசென்ஸையும், அதாவது பயன்படுத்தும் உரிமையையும், ரத்து செய்தது. அந்தக் கோபத்தில், விற்ற விளையாட்டை முடக்கக் கூடாது என்று தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கொடுப்பது வெறும் லைசென்ஸ்தான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பட்டன் வைக்கக் கூடாது. நிரந்தரமாக இறக்கி, இன்டர்நெட் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனக்கு அந்த விலக்குதான் முக்கியமாகப் படுகிறது. ஃபைல் நம் கையில் இருந்தால்தான் அது வாங்கியதாகும்.

நம் ஊரில் 2024 மார்ச்சில், ஆப் நிறுவனங்கள் தனக்குக் கட்ட வேண்டிய கட்டணம் பற்றிய தகராறில் பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி போன்ற ஆப்களை கூகுள் நீக்கியது. மத்திய அமைச்சரே தலையிட்டார், சில நாட்களில் எல்லாம் திரும்பி வந்தன. நிறுவனங்களுக்கு அடி விழுந்தால் உடனே பேச ஆள் இருக்கிறது. நூறு, இருநூறு என்று கொடுத்து ஏமாந்தவர்களுக்காக யாரும் பேசுவதில்லை.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்வணிகத்தை வரையறுக்கும்போதே டிஜிட்டல் பொருட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதன் கீழ் விதி கொண்டுவர என்ன தடை? ஆப்பை நீக்குவதற்கு முன் வாங்கியவர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், இன்ஸ்டால் ஃபைலை எடுத்து வைத்துக்கொள்ள அவகாசம் தர வேண்டும். முடியாதென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். டெவலப்பரைப் பிடிக்க முடியாவிட்டால், கடை தான் எடுத்த கமிஷனையாவது கொடுக்கட்டும்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். ரசீது மின்னஞ்சலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.