சைலன்சரை வெட்டினால் மைலேஜ் வருமா?

லாரி வைத்திருக்கிற நண்பர்கள் இரண்டு பேர் இந்த வாரம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பழைய வண்டிக்கு சைலன்சரைத் தூக்கிட்டு ஸ்ட்ரெயிட் பைப் போட்டா லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூட வருமாமே, நீ போட்டியே, வந்துச்சா?"

போட்டேன். 6,500 ரூபாய். வரவில்லை.

என்னுடையது 2008 மாடல் ஆறு வீல் வண்டி. டர்போ டீசல், பழைய மெக்கானிக்கல் டீசல் பம்பு. மணலியில் லோடு ஏற்றினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், திரும்ப மணலி. லிட்டருக்கு ஐந்தை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 4.4-க்கு இறங்கிவிட்டது. டீசல் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது இந்த அரை கிலோமீட்டர் சும்மா இல்லை. மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 90 லிட்டருக்கு மேல் வித்தியாசம், அதாவது 8,000 ரூபாய்க்கு மேல். அந்தக் கவலையில் இருந்தபோதுதான் ஒரு வெல்டர், "புகை தாராளமா வெளிய போனா எஞ்சின் மூச்சு விடும்ணே" என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எரிந்த புகையை வெளியே தள்ளுவதற்கும் பிஸ்டன் உழைக்க வேண்டும். வழியில் அடைப்பு இருந்தால் அந்த உழைப்பு கூடும். புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவும், பின்னால் அழுத்தம் குறைவாக இருந்தால்தான் நன்றாகச் சுற்றும். ஆனால் கம்பெனிக்காரன் அந்த எஞ்சினுக்கென்று அளவெடுத்துப் போட்ட சைலன்சர், உள்ளே உடையாமல் அடைக்காமல் இருக்கிறவரை, அப்படியொன்றும் வழியை மறித்து நிற்பதில்லை. அதை எடுத்தால் கிடைப்பது சொற்பம். (இதற்கு நேர் எதிராக "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாதான் இழுக்கும்", அதாவது புகை வெளியேறும் வழியில் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேண்டும் என்று ஒரு கோஷ்டி சொல்லும். அது ஆர்.எக்ஸ். 100 பைக் காலத்து டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கதை. அந்த வண்டிக்கு சைலன்சரின் வடிவமே எஞ்சினில் ஒரு பாதி. அதைக் கொண்டுவந்து லாரியில் ஒட்டக்கூடாது.)

பைப் மாட்டிய முதல் வாரம் வண்டி பறப்பது போலத்தான் இருந்தது. மாதவரம் ரவுண்டானாவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ரோடே திரும்பிப் பார்க்கும். சத்தம் கூடினால் இழுவையும் கூடிய மாதிரி காது நம்பிவிடுகிறது. ஆனால் மூன்று முறை டேங்க் ஃபுல் செய்து, மறுபடி ஃபுல் செய்யும்வரை ஓடிய கிலோமீட்டரை நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டேன். 4.5.

திருப்பிக் கேட்கப் போனால், "பம்புல ஸ்குரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டா சரியாயிடும்ணே" என்கிறார்கள். திறந்தால் டீசல் கூடுதலாகப் போய் இழுக்கும், உண்மைதான். கூடவே கரும்புகையும் வரும். அந்தப் புகை நான் காசு கொடுத்து நிரப்பிய டீசல். அப்புறம் எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, எப்படிக் காட்டுவது? வண்டிக்கு சைலன்சர் இருக்க வேண்டும் என்பது விதி. சத்தத்துக்கும் புகைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இந்த விளையாட்டை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், அதில் புகைக்குழாய்க்குள் ஃபில்டரும் சென்சாருமாக வேறொரு உலகமே இருக்கிறது.

எங்கள் டிரைவர் அண்ணன் அப்பா காலத்திலிருந்தே இருப்பவர். பைப் போட்ட நாள் முதல் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள், "தம்பி, காதுல இன்னும் ஙொய்னு கேக்குது. பைப்பை விடுங்க, அந்த எக்ஸாஸ்ட் பிரேக்கை ஒரு தடவை பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. மலை இறக்கத்தில் புகைக்குழாயை அடைத்து வண்டியின் வேகத்தைப் பிடிக்கிற பிரேக் அது. சென்னையில் மலை ஏது? கிளட்ச் பக்கத்தில் இருக்கும் அந்தக் கால் பட்டனை நாங்கள் மிதித்தே வருடங்கள் ஆகியிருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால், புகைக்குழாயை மூடித் திறக்கும் அந்தத் தட்டின் லிவர் கரியும் துருவும் பிடித்துப் பாதியில் நின்றுகொண்டிருந்தது. திறந்திருக்க வேண்டிய தட்டு, பாதி மூடியபடியே மணலிக்கும் ஒரகடத்துக்கும் ஓடியிருக்கிறது! அதற்குப் பின்னால் நான் எவ்வளவு பெரிய பைப் மாட்டினால்தான் என்ன? மெக்கானிக் கழற்றியபோது கரி செதில் செதிலாக விழுந்தது. சுரண்டி, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் மாற்றியதும் 'டக்' என்று திரும்பி வந்தது.

பழைய அளவிலேயே புது சைலன்சரும் மாட்டினேன். இப்போது 4.9. ஏர் ஃபில்டரையும் அன்றைக்கே மாற்றிவிட்டதால் முழுப் பெருமையும் அந்தத் தட்டுக்குத்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வெட்டுவதற்கு முன்னால் அடைப்பு எங்கே என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பிரேக், டர்போ ஹோஸில் லீக், ஏர் ஃபில்டர், டீசல் தெளிக்கும் நாசில், டயர் காற்று. இதில் பாதி வேலைக்குக் கையில் ஒரு ஸ்பேனர் போதும்.

அண்ணன் இப்போது தினமும் காலையில் வண்டி கிளப்பியதும் அந்தப் பட்டனை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறார். அந்த ஸ்ட்ரெயிட் பைப் ஷெட்டில் கிடக்கிறது. வேண்டுமென்கிறவர்கள் வந்து இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், மைலேஜுக்கு நான் பொறுப்பில்லை.