‘நல்ல நிரலாளர், கொஞ்சம் முன்கோபி’ என்று இனியும் சொல்லாதீர்கள்

"அவர் மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். கொஞ்சம் முன்கோபி, அவ்வளவுதான். அவர் இல்லாவிட்டால் அந்த மென்பொருளே இல்லை. இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறீர்களே!"

பெங்களூரில் திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் விடுகிற மென்பொருள்) கூட்டங்களுக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்தச் சமாதானம் மனப்பாடமாகியிருக்கும். வருகிற திருத்தங்களை ஏற்கவோ மறுக்கவோ செய்கிற மூத்த பராமரிப்பாளர் ஒருவர் புதிதாக வந்த யாரையோ நாலு பேர் பார்க்கக் குதறியெடுப்பார். புகார் வந்ததும் குதறியவருக்காகப் பரிந்து பேச ஆள் கூடிவிடும். போன வாரம் எங்கள் குழுவிலும் கூடியது. எனக்கு மனம் ஆறவில்லை, எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை குதறப்பட்டவர், தருமபுரிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிற ஒரு பெண். சனிக்கிழமைகளில் தோம்லூரில் நாங்கள் கூடும்போது வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவர் அனுப்பிய முதல் புல் ரிக்வெஸ்ட் (நிரலில் செய்த திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் கோரிக்கை) இது. நீளமான பெயர்களைப் பெட்டிக்குள் அடங்கும்படி வெட்டிக் காட்டுகிற ஒரு சிறு நிரலில் அவர் கோளாறு கண்டுபிடித்திருந்தார். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய நிரல். குறியீடுகளை எண்ணி வெட்டும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கிற பொது முறையான யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். நான்கோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். கார்த்திக் ‘கார்த்திக’ ஆகிவிடுவார். கன்னடத்துக்கும் இந்திக்கும் இதே கதிதான். ஒரே எழுத்தாகச் சேர்ந்து நிற்பவற்றைப் பிரிக்காமல் வெட்டுவதற்கு யூனிகோடிலேயே விதிமுறை இருக்கிறது. அதைத் தேடிப் படித்து, திருத்தி, சோதனைகளும் எழுதிச் சேர்த்திருந்தார். நான் வரிவரியாகப் பார்த்தேன். சுத்தமான வேலை.

அந்த மென்பொருளின் பராமரிப்பாளரிடமிருந்து பதில் ஆங்கிலத்தில் வந்தது. சாரம் இதுதான்: இது யாருக்கு வேண்டும், முதலில் ஒழுங்காக ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொண்டு வா. அத்துடன் கோரிக்கை மூடப்பட்டது. கீழே யார் யாரோ போட்ட சிரிப்புப் பொம்மைகள். நிரலில் என்ன தவறு என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் கைபேசியை என்னிடம் நீட்டி, "அக்கா, ‘ப்ளீஸ்’ போட்டு எழுதியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாரோ?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சரியான வேலையைச் செய்தவர், தன்னிடம் எங்கே குற்றம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் ஒரு பத்தி சொந்தமாக எழுதாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! நமக்கு ஒரு புல் ரிக்வெஸ்டில் நிரல் எழுதும் நேரத்தைவிட, அதற்கு மேலே நாலு வரி விளக்கம் எழுதும் நேரம்தான் அதிகம். எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துகிறோம். அந்த இடம் பார்த்து அடித்தால் திரும்பி வருவார்களா?

இது ஏதோ தமிழர்களின் தாழ்வு மனப்பான்மை என்று நினைக்க வேண்டாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் உலகெங்கும் உள்ள திறந்த மூலப் பங்களிப்பாளர்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தியது. ஆங்கிலத்தை மிக நன்றாக எழுதப் படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாதவர்கள் ஏறத்தாழ 25 சதவீதம். பதில் சொன்னவர்களில் 95 சதவீதம் ஆண்கள், பெண்கள் வெறும் 3 சதவீதம். பாதிப் பேர் மோசமான நடத்தையைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள், 18 சதவீதம் பேர் தாங்களே அதற்கு ஆளாகியிருக்கிறார்கள். அப்படிக் கண்டவர்களிலும் ஆளானவர்களிலும் 21 சதவீதம் பேர் அதன் காரணமாகவே ஒரு திட்டத்துக்குப் பங்களிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர்! போகிறவர்கள் யாரும் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை. சும்மா வராமல் இருந்துவிடுகிறார்கள். ‘அவர் இல்லாவிட்டால் மென்பொருளே இல்லை’ என்று கணக்குப் போடுகிறவர்கள், அவரால் வராமல் போனவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புள்ளி வெட்டுப்படுவதைக் கவனிக்கிற கண் வேண்டுமென்றால், புள்ளி வைத்து எழுதுகிறவர் உள்ளே இருக்க வேண்டும். அந்தக் கோளாறு அந்த மென்பொருளில் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

"அப்படியானால் தவறைத் தவறு என்று சொல்லவே கூடாதா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள். இந்த வேலையே அதுதான். ‘இந்த மாற்றம் நினைவகத்தை விடுவிக்காமல் விட்டுவிடுகிறது, ஏற்க முடியாது’ என்று எழுதினால் யாருக்கும் மனம் உடையாது. உடைந்தாலும் அதில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. ‘உனக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான்’ என்பதில் என்ன இருக்கிறது? முதல் வாக்கியத்தை எழுதத்தான் திறமை வேண்டும். இரண்டாவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கறாரான மேற்பார்வைக்கு நான் எதிரி இல்லை. கறாராகப் பார்க்கப்பட்டதால்தான் எனக்கு இந்த வேலையே கைவந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் பாதிக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டித் திட்டித்தானே அதன் மையப் பகுதியான கர்னலை வளர்த்தார் என்பார்கள். அதே டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில், தன் கடுஞ்சொற்களுக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சில வாரங்கள் விலகி நின்றார். கர்னல் திட்டம் அதே மாதம் தன் பழைய விதியை எடுத்துவிட்டு, ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற நடத்தை விதியை அடிப்படையாகக் கொண்ட புதியதை வைத்தது. அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். லினக்ஸ் இத்தோடு ஒழிந்தது என்று அன்றைக்கு ஆரூடம் சொன்னவர்கள் உண்டு. கர்னலின் புதிய பதிப்பு முன்போலவே ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கவனன்ட் 2014-இல் வந்தது. இன்று சின்னச் சின்னத் திட்டங்களில்கூட அது ஒரு கோப்பாக இருக்கிறது. நான் சொன்ன மென்பொருளிலும் இருக்கிறது! ரேஷன் கடைச் சுவரில் எழுதியிருக்கும் புகார் எண்ணைப் போல இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பில் நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள்: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. முதல் படி தனியாக எழுதி விளக்குவதுதான். யாரையும் தூக்கிலேற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் படியைக்கூட இங்கே எவரும் எடுத்து வைக்கவில்லை, ஏனென்றால் புகார் அனுப்ப வேண்டிய முகவரி, புகாருக்கு ஆளானவரின் முகவரி.

பெரிய திட்டங்களும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல்மொழித் திட்டத்தின் நடத்தைக் கண்காணிப்புக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. திட்டத்தின் தலைமையான மையக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் விதியை அவர்கள்மேல் செலுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். நல்ல விதி, நல்ல மனிதர்கள், எல்லாம் இருந்தது. மேலே இருப்பவரைக் கேட்கிற அதிகாரம் மட்டும் இல்லை.

இவ்வளவும் அந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டும் இல்லை. நம் பெங்களூர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் ஏழு மணிக்கு முடியும். அடுத்த பதிப்பில் என்ன வரும், மேடையில் யார் பேசுவார், யாருக்கு நேரடியாக நிரல் சேர்க்கும் உரிமை தரலாம் என்பதெல்லாம் அதற்கப்புறம் இந்திராநகரில் ஒரு பாரில் முடிவாகும். இரவு பத்து மணிக்கு விடுதிக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் பஸ் பிடிக்க ஓடுகிறவருக்கு அந்த மேசையில் இடம் கிடையாது. குடிக்காதவருக்கு, வீட்டில் கைக்குழந்தை இருப்பவருக்கு, சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் கிடையாது. வேண்டுமென்று யாரும் ஒதுக்கவில்லை, ஆனாலும் ஒதுங்கிப்போகிறார்கள். தமிழர்கள் நாமும் சும்மா இல்லை. நான்கு பேர் சேர்ந்தால் தமிழுக்குத் தாவிவிடுகிறோம். பக்கத்தில் ஹாசனிலிருந்து வந்த பையன் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் தன் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு அதைச் செய்கிறோம். கடைசி வரிசைப் பெண்ணுக்கு ஆங்கிலம் என்ன செய்ததோ, அதை அவனுக்கு நம் தமிழ் செய்யக் கூடாது.

மென்பொருளின் பெயரையும் அந்த மனிதரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. தயவுசெய்து கேட்காதீர்கள், ஊகிக்கவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு புகார் எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் குழுவில் நான் கேட்டிருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். புகார் வாங்க இருவர் வேண்டும். இருவரும் ஒருங்கிணைப்பாளர்களின் நண்பர்களாக இருக்கக் கூடாது, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். புகாருக்கு உள்ளானவர் யாராக இருந்தாலும் அந்த விசாரணையில் அவருக்கு வாக்கு இல்லை. என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதைப் பெயர்களை நீக்கிவிட்டு எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். பாரில் பேசியது எதுவும் முடிவு ஆகாது. அடுத்த கூட்டத்தில் வைத்து, எழுத்தில் பதிந்தால்தான் முடிவு. இவற்றில் மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருக்கிறது, நான் விடப்போவதில்லை.

அந்த இரண்டு இடங்களுக்கு ஆள் தேவை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆவணம் எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், சோதிக்கிறவர்கள் எல்லோரும் வரலாம். முன்வருகிறவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம்.