நீலகிரி 1967-இல் தேர்ந்தெடுத்தது சுதந்திராக் கட்சியைத்தான்

"ராஜாஜியின் சுதந்திராக் கட்சி வெறும் ஜமீன்தார் கட்சி, தமிழ்நாட்டில் ஒரு எம்.பி.கூடப் பெறவில்லை" என்றொரு செய்தி குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. 1967 மக்களவைத் தேர்தலில் நம் நீலகிரித் தொகுதியிலேயே அக்கட்சியின் எம்.கே. நஞ்சா கவுடர் வென்றார். தி.மு.க. கூட்டணியின் பலமும் சேர்ந்த வெற்றி அது, ஆனாலும் வெற்றி. நாடு முழுவதும் 44 இடங்கள் பெற்று, மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியானது.

வடக்கே முன்னாள் மன்னர்கள் சிலர் அதில் இருந்தது உண்மை. ஆனால் 1959-இல் அது பிறந்தது, காங்கிரசின் நாகபுரி மாநாடு முன்வைத்த, விவசாயிகளின் நிலங்களை ஒன்றுசேர்த்துப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணை முறையையும், தொழிலுக்கும் வணிகத்துக்கும் அரசின் அனுமதியை எதிர்பார்க்க வைத்த 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா' ஆட்சியையும் எதிர்த்து. சொந்த நிலத்தை நம்பி வாழும் மலை விவசாயிக்கு அந்த வாதம் அந்நியமானதல்ல என்றே நினைக்கிறேன்.

தேர்தல் ஆணைய இணையதளத்தில் 1967 முடிவுகள் இருக்கின்றன, பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.