பிரசவ விடுப்புச் சம்பளம் எந்தத் தேதியில் வரும்?

போன வாரம் ஒரு தங்கை மெசஞ்சரில் கேட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம். கணவரோடு இல்லை. கோவைப் பக்கம் ஒரு மில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். "அக்கா, லீவுல சம்பளம் வருமான்னு கேட்டா வேலையை விட்டு எடுத்துருவாங்களா?" இரண்டு நாளாக அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. 2023ல் இதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை.

நானும் கணவரும் பிரிந்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். காரணமெல்லாம் இங்கே வேண்டாம், பணத்தை மட்டும் பேசுகிறேன். சம்பளம் 27,000. வாடகை 8,000, வண்டிக் கடன் 2,900. இது போக ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 மாதம். பிரசவச் செலவுக்குப் பயந்து அதை 22,000 தள்ளி எடுத்தேன். கைக்கு வந்தது 78,000. அதற்கப்புறம்தான் உறைத்தது, விடுப்பில் இருந்தாலும் கசர் (தள்ளுத் தொகையில் நமக்கு வரும் பங்கு) போக மாதம் நாலாயிரத்துச் சொச்சம் கட்டியாக வேண்டும் என்று. பிரசவத்தை நம்பிச் சீட்டு எடுக்கப்போகிற பெண்கள், மீதித் தவணையை எந்தப் பணத்தில் கட்டுவோம் என்று முதலில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

நம் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டுச் செலவு, அப்புறம் பிள்ளை அப்பன் வீட்டுப் பொறுப்பு என்று ஒரு கணக்கு உண்டு. என் அம்மாவே அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். நாற்பது நாள் வந்து தங்கி, பத்தியம் சமைத்துப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் அவரிடம் பணமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிரசவத்தை அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொண்டேன். சொந்தத்தில் பலர் முகம் சுளித்தார்கள். அந்த ஒரு முடிவுதான் என்னைக் காப்பாற்றியது. சீட்டுப் பணம் அப்படியே கையில் நின்றது. தடுப்பூசியும் அப்படித்தான். முதல் முறை தனியாரிடம் போட்டுவிட்டு பில்லைப் பார்த்துப் பதறிப்போனேன். அடுத்த தவணையில் இருந்து புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையம். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா, நிமோனியா தடுப்பூசி எல்லாம் அங்கே இலவசம்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். விடுப்பில் போன முதல் மாதம் ஒழுங்காக வந்தது. பாப்பா பிறந்த பிறகு நின்றுவிட்டது. போன் செய்தால், "நீங்க திரும்பி வேலைக்கு வந்ததும் மொத்தமா போட்டுடறோம்மா" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் நன்றி சொல்லி போனை வைத்தேன். இரண்டு மாதம் சீட்டுப் பணத்தில் ஓட்டினேன். மூன்றாம் மாதம் வாடகைக்கு, இரண்டரைப் பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தேன். கைக்குழந்தையோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோதுதான் கோபம் வந்தது. என் சம்பளம் அலுவலகத்தில் இருக்கிறது, நான் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று இரவு சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1961ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டம், 2017ல் திருத்தியது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். பலருக்கும் இது வரை தெரியும். பணம் எப்போது வர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான தொகையை, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 26 வாரமும் 48 மணி நேரமும் அப்படியே இருக்கின்றன. இதைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பணம் வந்தது.

வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால் இரண்டு மாதத் தாமதத்தை எப்படியோ சமாளித்துவிடலாம். தனியாக இருப்பவளுக்கு அந்தத் தாமதம்தான் கடன், அதுதான் அடகு. ஆகவே 26 வாரம் கொடுத்தோம் என்று பெருமை பேசுகிற எல்லோரிடமும் நான் கேட்பது தேதியைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருக்கும் பெண்களுக்கு இந்தப் பணத்தை ஈஎஸ்ஐயே தருகிறது. ஆனால் ஈஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு உண்டு. 2017 ஜனவரியில் அதை 15,000ல் இருந்து 21,000 ஆக்கினார்கள். 2023ல் நான் விடுப்பில் இருந்தபோதும் அதே 21,000தான். 27,000 வாங்கிய நான் அதற்கு வெளியே. என்னைப் போன்றவர்களுக்கு மொத்தச் சுமையும் முதலாளி தலையில் விழுகிறது. கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்க யோசிக்கிறார்கள், எடுத்தாலும் பணத்தை இழுத்தடிக்கிறார்கள். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் எல்லாப் பெண்களுக்கும் ஒரு பொது நிதியில் இருந்து இந்தப் பணம் போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சிறிய நிறுவனங்களையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கைக்கு: மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு எடுப்பது சட்டப்படி தவறு. பயப்படாதே. பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரை எடுக்கலாம் என்று சொல்வார்கள், உடம்பு ஒத்துழைத்தால் அவ்வளவு எடுக்காதே. நான் இரண்டு வாரம்தான் எடுத்தேன், 24 வாரம் பாப்பாவோடு இருக்க முடிந்தது. திங்கட்கிழமை விடுப்புக் கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போ. எந்தத் தேதியில் பணம் வரும் என்று அதிலேயே கேட்டு எழுது. ஒரு பிரதியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்து எனக்குப் போட்டோ அனுப்பு.