மண்டை ஓடு போதும், மரை கொடுங்கள்: பேனா கிட் தயாரிப்பவர்களிடம் சில கோரிக்கைகள்

பேனா கிட் விற்கிறவர்களின் புது வரவுகளைப் பார்த்தால் டிராகன், மண்டை ஓடு, துப்பாக்கித் தோட்டா, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வருகிறது. கிளிப்பில் ஒரு பொம்மை, நடு வளையத்தில் இன்னொரு பொம்மை. பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே பழைய குழாய், அதே பழைய டிரான்ஸ்மிஷன், விரலை அறுக்கும் அதே மரை. லேத்தில் பேனா கடைகிறவர்கள் கூடிப் பேசும் இடத்தில் "இன்னொரு டிராகன் வேண்டும்" என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பாகங்களைப் பற்றித்தான். அவற்றைத்தான் யாரும் மாற்றுவதில்லை.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட் என்றால் பித்தளைக் குழாய், முனை, கிளிப், ரீஃபிலை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்மிஷன், நடு வளையம் இத்தனையும் அடங்கிய ஒரு பொட்டலம். மரத்துண்டைக் குழாயைவிட இரண்டு மூன்று மி.மீ. நீளமாக அறுத்து, துளை போட்டு, குழாயை உப்புத்தாளில் தேய்த்துப் பசை போட்டுச் செருக வேண்டும். பசை காய்ந்ததும் ஓரங்களைச் சதுரமாகச் சீவி, எவ்வளவு கடைய வேண்டும் என்று அளவு காட்டும் இரும்பு வளையமான புஷ்ஷிங்கை இரு ஓரத்திலும் வைத்து லேத்தில் கடைந்து, மெருகு ஏற்றி, கடைசியில் பாகங்களை அழுத்திப் பொருத்த வேண்டும். மரம் மட்டும்தான் நம்முடையது. மீதி எல்லாம் கிட் கொடுப்பவர் தீர்மானித்தது.

இந்த "அழுத்திப் பொருத்துவது" என்பதில்தான் முதல் வழக்கு. எல்லாரும் பாடம் படிக்கிற ஸ்லிம்லைன் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துளை 7 மி.மீ. முனைப் பக்கம் மரம் கடைந்து முடியும் அளவு ஏறத்தாழ 8.4 மி.மீ. கழித்துப் பாதியாக்கினால் ஓரத்தில் நிற்கும் சுவர் 0.7 மி.மீ.தான், அதிலும் குழாயின் பங்கு போகத்தான் மரம். இரண்டு விசிட்டிங் கார்டுகளை ஒன்றாக வைத்த கனம்கூடச் சந்தேகம். குழாய்க்குள் ஒரு துளி பசை காய்ந்து நின்றாலும் முனையைச் செருகும்போது பித்தளை விரியும், மேலே இருக்கும் மரம் வாய் பிளக்கும். அழுத்துவதற்கு முன் ஒரு சின்ன வட்ட அரத்தை உள்ளே விட்டுச் சுழற்றி, விளிம்பின் பிசிறை எடுத்துவிடுவது பாதி விபத்தைத் தடுக்கும். மீதிப் பாதி டிரான்ஸ்மிஷனில் நடக்கிறது. அரை மி.மீ. அதிகமாக உள்ளே போய்விட்டால் ரீஃபில் முனை திரும்ப உள்ளே போகவே போகாது, சட்டைப் பையில் நிரந்தரமாக மைப் பொட்டு. குறைவாகப் போனால் எழுத முனை போதாது. பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் ரீஃபிலைத் திருகிச் சரிபார்ப்பதைத் தவிர வழி இல்லை. தாண்டிப் போனால் பின்னாலிருந்து கம்பி விட்டுத் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். தட்டும்போது அந்த விசிட்டிங் கார்டு மரம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கேட்பது இதுதான். அழுத்திச் செருகும் பாகங்களைக் குறைத்து மரை வையுங்கள். முனை, கிளிப்பின் மேல் குமிழ், டிரான்ஸ்மிஷன் மூன்றும் திருகிக் கழற்றக் கூடியதாக இருந்தால், ஐந்து வருடம் கழித்துக் கிளிப் ஆடினாலும் மெருகு மங்கினாலும் பேனாவைப் பிரித்து மறுபடி லேத்தில் ஏற்றலாம். கொஞ்சம் பெரிய கிட்டுகள் சிலவற்றில் டிரான்ஸ்மிஷன் ஏற்கெனவே மரையோடுதான் வருகிறது, அதனால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மலிவு கிட்டில் செலவு ஏறும் என்பார்கள். ஏறட்டுமே. பல மணி நேரம் செலவழித்துக் கடைந்த கருங்காலியைக் காசு மிச்சம் பிடிப்பதற்காகப் பிளக்க யாருக்கு மனசு வரும்?

கூடவே சுவரையும் கனமாக்குங்கள். மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பித்தளை அதோடு சேர்ந்து சுருங்காது. மெல்லிய சுவர் இழுவை தாங்காமல் நெடுக்கே வெடிக்கிறது. கருங்காலியும் பாம்புத் தோல் போலிருக்கும் ஸ்நேக்வுட்டும் இதற்குப் பேர் போனவை. முனைப் பக்கம் சுவர் 1.2 மி.மீ. கிடைக்கும்படி பாகங்களின் வெளிவிட்டத்தை வைத்தால் பேனா ஒன்றும் உலக்கை ஆகிவிடாது.

இனி மைப் பேனா. இங்கேதான் மனத்தாங்கல் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிட் மைப் பேனாக்களில் பெரும்பாலும் வருவது ஐந்தாம் எண் நிப். எண் ஏறினால் நிப் பெரிது. தடித்த உடல், கனத்த மூடி, அதன் நுனியில் குருவி மூக்கு மாதிரி ஒரு நிப். ஒன்றிரண்டு பெரிய கிட்டுகளில் ஆறாம் எண் வருகிறது, அது போதாது. அளவைவிட முக்கியம் அது உட்காரும் விதம். நிப்பும் அதற்கு அடியில் மையைக் கொண்டுவரும் ஃபீட்டும், எழுதும்போது விரல் பிடிக்கும் பகுதியான கழுத்துக்குள் நேரடியாக அழுத்தி வைக்கப்பட்டிருந்தால், நிப்பை மட்டும் உருவி வேறொன்றை வைக்கும்போது அதன் வளைவும் ஃபீட்டின் வளைவும் ஒட்டாது. நடுவே இடைவெளி விழும், மை நின்று நின்று வரும், குற்றம் மரவேலைக்காரன் தலையில் விழும். நிப், ஃபீட், அதைத் தாங்கும் கூடு மூன்றும் ஒரே அலகாகத் திருகி மாட்டும்படி இருந்தால் இந்தச் சண்டையே இல்லை. ஜெர்மனியின் நிப் தயாரிப்பாளர் ஜோவோவின் ஆறாம் எண் அலகு எம் 7.4 × 0.5 மரையில் (விட்டம் 7.4 மி.மீ., மரைக்கு மரை 0.5 மி.மீ.) உட்காருகிறது. இன்னொரு ஜெர்மன் தயாரிப்பாளரான போக்கின் அலகில் மரை வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எது என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டுவிடுங்கள். நிப்பை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

அடுத்தது கழுத்து. பளபளக்கும் உலோகக் கழுத்து கடைக் கண்ணாடிக்குள் அழகாக இருக்கும். ஏப்ரல் மாதச் சென்னையில் வியர்த்த விரலோடு அதைப் பிடித்து இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள், விரல் வழுக்கி நிப்பின் மேலேயே போய் நிற்கும். போதாக்குறைக்குக் கழுத்து முடிந்து உடல் தொடங்கும் இடத்தில் ஒரு படி, அதன்மேல் மூடிக்கான கூரான மரை. கட்டைவிரல் சரியாக அங்கேதான் உட்காரும். மரையின் முகட்டைச் சற்று மழுக்குவதும் படியைச் சரிவாக்குவதும் தொழிற்சாலையில் பெரிய வேலை இல்லை.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கழுத்தையே கொடுக்காதீர்கள். இதை அரைக் கிட் என்று வைத்துக்கொள்ளலாம்: கிளிப், மூடியின் மேல் குமிழ், நிப் அலகு, மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கன்வெர்ட்டர், மூடியும் உடலும் சேரும் மரைத்துண்டுகள், அத்தோடு நிப் அலகு உட்காரும் மரை வெட்டிய ஒரு சின்ன பிளாஸ்டிக் உள்வளையம் (புஷ்). கழுத்தை நாங்கள் எபோனைட்டில் கடைந்து, அந்தப் புஷ்ஷை உள்ளே ஒட்டிக்கொள்வோம். எபோனைட் கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். கைக்குக் குளிர்ச்சியாக உறைக்காது, வியர்வைக்கு எளிதில் வழுக்காது. ராஜமுந்திரி ரத்னம், திருவள்ளூர் ரங்கா பேனாக்களைப் பிடித்து எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கிட் என்பதே இல்லாமல் முழுப் பேனாவும் கடையலாமே என்று கேட்பார்கள். கடையலாம். அதற்கு 6.9 மி.மீ. துளை போட்டு உள்மரை வெட்டும் கருவியான எம் 7.4 × 0.5 டேப் விட வேண்டும். அந்த டேப் எந்த ஹார்டுவேர் கடையிலும் தொங்காது, வரவழைத்தால் விலை பல கிட்டுகளுக்குச் சமம். கிட்டுக்கும் முழுக் கைவேலைக்கும் நடுவே ஒரு திண்ணை வேண்டும் என்பதுதான் அரைக் கிட்டின் நியாயம்.

மூடி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடியின் திறந்த வாயில் உதட்டை வைத்து ஊதிப் பாருங்கள். கிளிப் வளையத்தின் ஓரமாகக் காற்று கசிந்தால் அந்தப் பேனா மூன்று நாள் மேசையில் கிடந்து நான்காம் நாள் எழுதாது. இப்போதைக்கு வளையத்துக்கு அடியில் துளி எபாக்ஸி பசை தடவி அழுத்துவதுதான் வைத்தியம். ஆனால் அப்புறம் கிளிப்பைக் கழற்ற முடியாது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் உள்மூடி இருந்தால் போதும், நிப்பைச் சுற்றி அது தனியாக அடைத்துக்கொள்ளும், கிளிப் எப்படிக் கசிந்தாலும் கவலை இல்லை.

மூடியின் மரையில் ஒரு சிக்கல் உண்டு, அதற்கு ஒரே விடை கிடையாது. ஒரே ஒரு சுழலாக வெட்டிய ஒற்றைத் தொடக்க மரையானால் மூடியைக் கழற்ற மூன்று நான்கு சுற்று. போனில் யாரோ எண் சொல்லும்போது எரிச்சல் வரும். மூன்று சுழல்கள் அடுத்தடுத்து ஓடும் மூன்று தொடக்க மரை வைத்தால் ஒன்றே கால் சுற்றில் கழன்றுவிடும், ஆனால் மூடி மூன்று வெவ்வேறு இடங்களில் போய் நிற்கும். உடலின் மர ரேகையும் மூடியின் ரேகையும் அவற்றில் ஓரிடத்தில்தான் சேரும். ரேகை சேர்க்க உயிரை விடுகிறவர்களுக்கு ஒற்றை மரை, தினமும் எழுதுகிறவர்களுக்கு மூன்று தொடக்க மரை. என் ஓட்டு இரண்டாவதுக்கு. காந்த மூடி இரண்டையும் தீர்க்கும் என்கிறார்கள். காந்தத் துருவங்களைச் சரியாக அமைத்தால் மூடி தானே திரும்பி ரேகை சேரும் என்பது உண்மைதான், ஆனால் உலோகம் கூடும். ஏற்கெனவே 40 கிராமைத் தாண்டும் கிட் மைப் பேனாக்கள் இருக்கின்றன. மூடியைப் பின்னால் மாட்டினால் கை பின்பக்கம் சாய்கிறது.

துளை அளவுக்கு வருவோம். கிட்டுகளைப் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்காக வடிவமைக்கிறார்கள், அதனால் 27/64 அங்குலம், 3/8 அங்குலம் என்று கேட்கும். 27/64 என்றால் 10.72 மி.மீ. நம் ஊர்க் கடையில் 10.5 கிடைக்கும், 11 கிடைக்கும். முதலாவது இறுக்கம், குழாயைத் தட்டி உள்ளே ஏற்றினால் மரம் விரியும். இரண்டாவது தொளதொளப்பு, பசை முழுச் சுற்றுக்கும் பரவாது, கடையும்போது வெற்றிடத்தின் மேலிருக்கும் மரம் பெயர்ந்து பறக்கும். வேறு வழியில்லாமல் 11 போட்டால் சூப்பர் க்ளூவை மறந்துவிட்டு இடைவெளி நிரப்பும் எபாக்ஸி போடுங்கள், ஒரு நாள் காய விடுங்கள். 7, 8, 10, 12 என்று நான்கே துளை அளவுகளில் எல்லாக் கிட்டுகளையும் அடக்க முடியாதா? முடியும். ஒவ்வொரு புது மாடலுக்கும் புது டிரில் பிட், புது புஷ்ஷிங் விற்கலாம் என்பதைத் தவிர அதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

புஷ்ஷிங்கைப் பற்றி ஒரு கூடுதல் குறிப்பு. உப்புத்தாள் மரத்தை மட்டும் தேய்ப்பதில்லை, புஷ்ஷிங்கையும் தேய்க்கிறது. இருபது முப்பது பேனாவுக்குப் பிறகு அதை நம்பிக் கடைந்தால் மரம் பாகத்தைவிட ஒல்லியாகி, விரலில் படி தட்டும். இரும்புத் தூள் வெளிர் மரத்தில் கறுப்பாக ஏறும். மரத்தைக் கோத்து லேத்தில் மாட்டும் கம்பியான மேண்ட்ரலின் நட்டை அதிகமாக முறுக்கினால் கம்பி வளைந்து பேனா ஒரு பக்கம் கனமாக வரும். ஆகவே புஷ்ஷிங்கின் இரு முகத்திலும் 60 பாகைக் குழிவு கொடுங்கள், மேண்ட்ரல் இல்லாமல் லேத்தின் இரு கூர்முனைகளான சென்டருக்கு நடுவிலேயே கடைந்துகொள்ளலாம். பாகங்களின் வெளிவிட்டத்தை நூறில் ஒரு பங்கு மி.மீ. வரை தாளில் அச்சிடுங்கள். காலிப்பர் எல்லாரிடமும் இருக்கிறது.

ரீஃபில். ஸ்லிம்லைன் ஏற்கும் கிராஸ் வகை ரீஃபில் ஒல்லி, மை குறைவு, சின்ன ஊர்களில் தேட வேண்டும். 98 மி.மீ. நீளமுள்ள பார்க்கர் வகை எங்கும் கிடைக்கும், பந்துமுனை, ஜெல் இரண்டும் அந்த அளவில் உண்டு. தரநிலைகளில் இதற்கு ஜி2 என்று பெயர். பைலட் ஜி2 என்ற ஜெல் ரீஃபில் முற்றிலும் வேறு, இன்னும் நீளம். பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள். ஸ்லிம்லைனைவிடச் சற்றே தடித்த, 8 மி.மீ. குழாயில் பார்க்கர் ரீஃபில் ஏற்கும் கிட் ஒன்று வந்தால் பாதிப் பேர் அதிலேயே நின்றுவிடுவார்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் நீளமான பிளாஸ்டிக் ரீஃபிலுக்கும் ஒரு கிட் யாராவது செய்யுங்கள். பரிசாகக் கொடுத்த மரப் பேனா மை தீர்ந்ததும் அலமாரிக்குள் போய்விடுவது அதன் ரீஃபில் தெருமுனையில் கிடைக்காததால்தான்.

பூச்சு விஷயத்தில் நீட்ட ஒன்றுமில்லை. 24 காரட் தங்கப் பூச்சு மெலிது, தங்கமும் மிருது, விரல் படும் முனையில் சீக்கிரம் பித்தளை எட்டிப் பார்க்கும். தங்க நிறம் வேண்டுமென்றால் டைட்டானியம் நைட்ரைடு போடுங்கள். கடையில் வாங்கும் தங்க நிற டிரில் பிட்டின் மேல் இருப்பதும் அதுதான், இரும்பைத் துளைக்கும்போதே நிற்கிறது, விரலுக்கு நிற்காதா? வெள்ளி நிறத்துக்குக் குரோம் அல்லது ரோடியம்.

இதையெல்லாம் விற்பவர்களுக்கு எழுதப் போகிறவர்கள் "நல்ல டிசைன் வேண்டும்" என்று எழுதாதீர்கள். துளை எவ்வளவு, இரு ஓரத்தின் வெளிவிட்டம் எவ்வளவு, எந்த ரீஃபில், எந்த நிப் அலகின் மரை, எத்தனை பொட்டலம் உறுதியாக வாங்குவீர்கள் என்று ஒரே தாளில் எழுதி, பென்சிலால் குறுக்கு வெட்டுப் படம் ஒன்று போட்டு அனுப்புங்கள். பத்துப் பேர் ஒரே அளவுகளைக் கேட்டு அனுப்பினால் அது வடிவமைப்பவரின் மேசைக்காவது போகும்.